அவதானமும் ஆளுமையும்: செயல்நினைவு பற்றிய ஓர் ஆய்வு

செயல்நினைவு என்பது, ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அதற்கு வேண்டிய செய்திகளைச் சில நொடிகள் மனத்தில் தாங்கி, அவற்றைக் கையாண்டு, வேலை முடிந்ததும் விட்டுவிடுகிற ஆற்றல். கோட்டாற்றுச் சந்தையில் நாலைந்து சாமான்களின் விலையை மனக்கணக்காகக் கூட்டுபவர், மூன்றாம் விலையைச் சேர்க்கும்போது முதலிரண்டின் தொகையை நழுவவிடாமல் வைத்திருப்பது இந்த ஆற்றலால்தான். ஆளுமைக் கூறு என்பது வேறு வகைப் பொருள். ஒருவர் பல சூழல்களிலும் பல ஆண்டுகளாகவும் ஏறத்தாழ ஒரே விதமாக நடந்துகொள்ளும் போக்கையே உளவியலார் அப்படி அழைக்கிறார்கள். முன்னதை நொடிக்கணக்கில் அளக்கிறார்கள். பின்னது ஆண்டுக்கணக்கில்தான் தெரியவரும். இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டா, உண்டென்றால் எவ்வளவு, எந்த வழியாக என்ற கேள்விக்கு ஆய்வுக்கூடங்கள் அறுபது ஆண்டுகளாக விடை தேடிவருகின்றன. நாஞ்சில் நாட்டுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கத் தனி உரிமை உண்டு. அதற்குக் காரணம் இடலாக்குடியில் பிறந்த ஒருவர்.

செய்குத்தம்பிப் பாவலர் 1874 ஜூலை 31 அன்று நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்தார். அப்போது இப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. பள்ளியில் அவர் படித்தது மலையாளம். தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கோட்டாறு சங்கரநாராயண அண்ணாவியிடம் தனியே பாடங்கேட்டார். பின்னர் சென்னை சென்று அச்சுக்கூடத்தில் நூல் பதிப்பிக்கும் பணியில் இருந்தார். உமறுப்புலவரின் சீறாப்புராணத்துக்கு உரை எழுதினார். 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர் அவையில் சதாவதானம் நிகழ்த்தி, ‘மகாமதி’ என்ற பட்டம் பெற்றார். கோவை, அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று பல சிற்றிலக்கியங்கள் பாடினார். கதராடை உடுத்து விடுதலை இயக்க மேடைகளிலும் பேசினார். 1950 பிப்ரவரி 13 அன்று மறைந்தார். 2008ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

அவதானம் என்பது ஒரே அவையில் பலர் மாறிமாறித் தரும் பணிகளைக் குழப்பமின்றி முடித்துக்காட்டும் கலை. பணிகள் எட்டானால் அட்டாவதானம், பத்தானால் தசாவதானம், பதினாறானால் சோடசாவதானம், நூறானால் சதாவதானம். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். இன்னொருவர் கட்டளைக் கலித்துறையில் சிலேடை வேண்டுவார். ஆண்டும் மாதமும் தேதியும் சொல்லிக் கிழமை கேட்பார் ஒருவர். கம்பனில் ஒரு பாட்டுக்கு உரை கேட்பார் மற்றொருவர். அவதானியின் முதுகில் பூவோ சிறுகல்லோ விழுந்துகொண்டிருக்கும். இடையிடையே மணி அடிக்கும். இவற்றின் எண்ணிக்கையை இறுதியில் சொல்ல வேண்டும். சொக்கட்டானோ சதுரங்கமோ நடுவில் நடக்கும். கைகள் இலாடச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருக்க, நா இறைவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும். தெலுங்கு நாட்டு அவதானத்தில் இவற்றோடு ஓர் ஆளையும் தனியே அமர்த்துவார்கள். தொடர்பில்லாத பேச்சைப் பேசி அவதானியின் கவனத்தைக் கலைப்பது மட்டுமே அவர் வேலை. அதற்கு அப்ரஸ்துதப் பிரசங்கம் என்று பெயர். இக்கால உளவியல் ஆய்வுக்கூடம் ஒன்று கவனச்சிதறலைத் தாங்கும் ஆற்றலை அளக்க வடிவமைக்கும் சோதனையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

பாவலர் மேடையேறிய காலத்தில் செயல்நினைவு என்ற கருத்தே பிறந்திருக்கவில்லை. குறுகிய கால நினைவை அளக்கும் முறை மட்டும் இருந்தது. 1887இல் லண்டனில் ஜோசப் ஜேக்கப்ஸ் என்பவர், எண்களை வரிசையாகச் சொல்லி அப்படியே திருப்பிச் சொல்லவைக்கும் சோதனையை அறிமுகப்படுத்தினார். இன்றும் மருத்துவமனைகளில் உளவியலாளர்கள் நோயாளியிடம் எண்களை முன்னும் பின்னுமாகச் சொல்லச் சொல்வது அதன் வழிவந்ததே. 1956இல் ஜார்ஜ் மில்லர், மனம் ஒரே சமயத்தில் தாங்கக்கூடிய அலகுகள் ஏழு, கூடினாலும் குறைந்தாலும் இரண்டு என்றார். 1960இல் மில்லர், கேலண்டர், பிரிப்ராம் மூவரும் எழுதிய நூலில் செயல்நினைவு என்ற பெயர் வந்தது. 1974இல் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் அதற்கு ஒரு கட்டமைப்பு தந்தார்கள். அதன்படி, கேட்ட சொற்களை மனத்துக்குள் ஓதியோதிக் காப்பது ஒலிச்சுழல். இடமும் உருவமும் பற்றியவற்றைத் தாங்குவது காட்சிப்பலகை. இரண்டையும் மேற்பார்த்துக் கவனத்தை எங்கே செலுத்துவதென்று முடிவு செய்வது மையக் கட்டுப்பாடு. 2000ஆம் ஆண்டில் பேட்லி, இவற்றையும் நெடுநாள் நினைவையும் இணைக்கும் நிகழ்வுத் தேக்கம் என்ற நான்காம் உறுப்பைச் சேர்த்தார். அடுத்த ஆண்டு நெல்சன் கவன், மனத்துக்குள் ஓதிக்கொள்ளவும் தொகுத்துக்கொள்ளவும் வழியில்லாதபோது தாங்கக்கூடியவை நான்கு அலகுகளே என்று மில்லரின் கணக்கையும் குறைத்தார்.

நான்கு அலகுகளைத் தாங்கும் மனம் நூறு பணிகளை எப்படிச் சுமந்தது? அவதானம் பற்றிய மேடைப் புகழ்ச்சிகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியை எழுப்புவதில்லை. தெய்வ அருள் என்று சொல்லி அடுத்த செய்திக்குப் போய்விடுகின்றன. விடைக்கான தடயம் அமெரிக்காவில் கிடைத்தது. 1980இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கல்லூரி மாணவரைப் பற்றி எழுதினார்கள். தொடக்கத்தில் அவரால் ஏழு எண்களையே திருப்பிச் சொல்ல முடிந்தது. ஏறத்தாழ 20 மாதங்களில், மொத்தம் 230 மணி நேரப் பயிற்சிக்குப் பின், 79 எண்கள்வரை போனார். அவர் ஓட்டப்பந்தய வீரர். கேட்ட எண்களைத் தமக்குப் பழக்கமான ஓட்ட நேரங்களாக மாற்றி அடுக்கிக்கொண்டார். எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தபோது அவர் அளவு மீண்டும் ஆறுக்கு இறங்கிவிட்டது. அவருடைய செயல்நினைவு விரிந்திருக்கவில்லை. நெடுநாள் நினைவில் முன்பே கட்டிவைத்த அடுக்குகளில் புதுச் செய்தியை உடனுக்குடன் செருகி, வேண்டும்போது எடுக்கும் திறமையே வளர்ந்திருந்தது. 1995இல் எரிக்சனும் வால்டர் கின்ட்ச்சும் இதனை நெடுநாள் செயல்நினைவு என்று விளக்கினார்கள். மங்களூரில் 1981 ஜூலை 5 அன்று பை என்ற எண்ணின் 31,811 இலக்கங்களை நினைவிலிருந்து ஒப்பித்த ராஜன் மகாதேவனைப் பின்னர் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் விரிவாகச் சோதித்தார்கள். எண்களில் வியப்பூட்டியவர், வேறு சில பொருள்களில் மற்றவர்களைப் போலவே இருந்தார்.

இந்த வெளிச்சத்தில் அவதானத்தைப் பிரித்துப் பார்க்கலாம். கிழமை கண்டுபிடிப்பது மனப்பாடமான ஒரு கணக்குமுறை; அதற்குச் செயல்நினைவில் இரண்டு மூன்று எண்கள் நின்றால் போதும். கம்பனுக்கு உரை சொல்வது நெடுநாள் கல்வி. வெண்பா பாடுவதில் யாப்பே பாதிச் சுமையைத் தாங்கிக்கொள்கிறது: முதலடி எதுகையைக் கட்டிவிடும், மோனை அடுத்த சீரின் முதலெழுத்தைக் குறுக்கிவிடும், தளை எந்தச் சீர் வரமுடியாது என்று தள்ளிவிடும். தடைகள் மிகுந்த பாவகையே நினைவுக்கு எளிது என்பது புதுக்கவிதைக்குப் பழகிய காதுக்கு விந்தையாகப் படலாம். குமரி மாவட்டத்துக் கொடைவிழாக்களில் சுடலைமாடன் கதையையும் இசக்கியம்மன் கதையையும் இரவெல்லாம் பாடும் வில்லுப்பாட்டுப் புலவரிடமும் இதுவே நடக்கிறது. கதையும் மெட்டும் நெடுநாள் நினைவில் இருக்க, கதையில் எங்கே நிற்கிறோம், பின்பாட்டு எப்போது ஏற்கும், கேட்போர் எதற்கு அசைகிறார்கள் என்பவை மட்டுமே அந்தந்தக் கணத்தின் சுமை.

எல்லாவற்றையும் கழித்த பின்னும் எஞ்சுவது ஒன்றுண்டு. அது கவனத்தைக் கட்டுப்படுத்தும் ஆற்றல். முதுகில் விழும் கல் ஏழென்று இருந்த எண்ணை எட்டாக்கிவிட்டு, உடனே வெண்பாவின் இரண்டாமடிக்குத் திரும்ப வேண்டும். 2000ஆம் ஆண்டில் அகிரா மியாகே குழுவினர் மையக் கட்டுப்பாட்டை மூன்று செயல்களாகப் பகுத்தார்கள்: நினைவில் உள்ளதைப் புதுப்பித்தல், ஒரு பணியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுதல், வேண்டாததை அடக்குதல். அவதானி நூறு முறையும் செய்வது இந்த மூன்றையே. செயல்நினைவின் அளவில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாடு, கொள்ளளவின் வேறுபாடு என்பதைவிடக் கவனக் கட்டுப்பாட்டின் வேறுபாடு என்று ராண்டல் எங்கிள் வாதிட்டார். 2001இல் வெளிவந்த ஒரு சோதனை அதற்குப் பேர்பெற்ற சான்று. ஒரு காதில் வரும் சொற்களைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மறுகாதில் சோதிக்கப்படுபவரின் பெயரை மெல்ல ஒலித்தார்கள். செயல்நினைவு மதிப்பெண் குறைந்தவர்களில் 65 விழுக்காட்டினர் தம் பெயரைக் கேட்டுவிட்டார்கள். மிகுந்தவர்களில் 20 விழுக்காட்டினரே கேட்டார்கள். தம் பெயரைக்கூடத் தள்ளிவைக்க முடிந்ததுதான் அவர்களின் வலிமை. ஆளுமையோடு செயல்நினைவு கைகோக்கும் இடமும் இந்தக் கவனக் கட்டுப்பாடே.

ஆளுமையை அளப்பதில் இன்று பரவலாக ஏற்கப்பட்டது ஐங்கூறு அமைப்பு. 1936இல் ஆல்போர்ட்டும் ஆட்பர்ட்டும் ஆங்கில அகராதியிலிருந்து மனித இயல்பைக் குறிக்கும் சுமார் 18,000 சொற்களைத் திரட்டினார்கள். அவற்றைச் சுருக்கிச் சுருக்கி, 1961க்குப் பின் பலர் தனித்தனியே செய்த பகுப்பாய்வுகளில் ஐந்து தொகுதிகள் மீண்டும் மீண்டும் வந்தன. புதியன நாடல், பொறுப்புடைமை, புறநோக்கு, இணக்கம், மனஅலைவு என்று அவற்றைத் தமிழில் சொல்லலாம். ஐந்தும் வகைகள் அல்ல, அளவுகள். ஒருவர் புறநோக்கர், மற்றவர் அகநோக்கர் என்று இரு கூடைகளாகப் பிரிக்கும் பழக்கம் மேடைப் பேச்சுக்கு உதவும். அளவீட்டில் பெரும்பாலோர் நடுவிலேயே நிற்கிறார்கள்.

இவற்றைச் செயல்நினைவு மதிப்பெண்ணோடு ஒட்டிப் பார்த்தால் முதலில் கிடைப்பது ஏமாற்றம். செயல்நினைவோடு நெருங்கிய உறவுள்ள நுண்ணறிவைப் பற்றி 2022இல் ஜெரோமி ஆங்கிளிம் குழுவினர் வெளியிட்ட பெருந்தொகுப்பாய்வில், புதியன நாடலுக்குக் கிடைத்த ஒட்டுறவுக் கெழு 0.20, மனஅலைவுக்கு எதிர்த்திசையில் 0.09, மற்ற மூன்றுக்கும் ஏறத்தாழச் சுழியம். கெழு 0.20 என்றால், மனிதருக்கிடையே உள்ள வேறுபாட்டில் நூற்றுக்கு நான்கு பங்கையே அது விளக்குகிறது. ஒருவரின் குணத்தைக் கொண்டு அவர் நினைவாற்றலை ஊகிப்பதும், நினைவாற்றலைக் கொண்டு குணத்தை ஊகிப்பதும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு இருட்டில் கைநீட்டுவதாகவே முடியும். சராசரியில் இவ்வளவு மெலிந்து தெரியும் தொடர்பு, சில சூழ்நிலைகளில் மட்டும் தடித்துத் தெரிகிறது. எந்தச் சூழ்நிலைகளில் என்பதே கவனிக்க வேண்டியது.

புதியன நாடலில் இரண்டு இழைகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று கருத்துகளில் திளைக்கும் அறிவார்வம். மற்றது அழகுணர்வும் கற்பனையும். 2009இல் காலின் டியங் குழுவினர், கடினமான செயல்நினைவுப் பணியின்போது மூளையின் முன்பகுதியில் தெரியும் இயக்கம் முதல் இழையோடு மட்டுமே தொடர்புற்றிருப்பதைக் காட்டினார்கள். அறிவார்வம் மிக்கவர் கடினமான சிந்தனையை விரும்பித் தேடுகிறார்; செயல்நினைவு வலுவானவருக்குக் கடினமான சிந்தனை துன்பமாக இருப்பதில்லை. எது முன், எது பின் என்று பிரிப்பது எளிதன்று. மலையாளப் பள்ளியிலிருந்து வந்து, தமிழ் யாப்பைத் தனியே கற்று, அரபும் அறிந்து, சீறாப்புராணத்துக்கு உரை கண்ட ஒருவரிடம் அறிவார்வம் மிகுதி என்று சொல்லச் சோதனைத்தாள் எதுவும் தேவையில்லை.

புறநோக்கின் கதை சற்றுச் சுற்றானது. 1967இல் ஹான்ஸ் ஐசங்க், அகநோக்கரின் மூளை இயல்பாகவே கூடுதல் கிளர்ச்சியில் இருக்கிறது, ஆகவே அவர் வெளிக்கிளர்ச்சியைக் குறைக்கிறார் என்று விளக்கினார். இதைத் தொடர்ந்த ஆய்வுகளில் வில்லியம் ரெவெல் குழுவினர் 1980இல் வெளியிட்டது சுவையானது. காலையில் காப்பியிலுள்ள காஃபீன், புறநோக்கின் ஓர் இழையாகிய உந்துணர்வு மிக்கவர்களின் தேர்வு மதிப்பெண்ணை உயர்த்தியது. உந்துணர்வு குறைந்தவர்களின் மதிப்பெண்ணைத் தாழ்த்தியது. மாலையில் இது தலைகீழாயிற்று. குணத்துக்கும் மனவேலைக்கும் உள்ள உறவு நேரத்தையும் குடித்த பானத்தையும் பொறுத்து மாறும் என்றால், ஒரே ஒரு சோதனையைக் காலை பத்து மணிக்கு நடத்தி முடிவு சொல்வது துணிச்சல்தான். 2001இல் லீபர்மனும் ரோசந்தாலும் காட்டியது அவதானத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறது. பிறரோடு உரையாடிக்கொண்டே அவர் முகக்குறிப்பைப் படிக்க வேண்டியிருக்கும்போது அகநோக்கர் பின்தங்கினார்கள். உரையாடல் இல்லாமல் குறிப்பைப் படிப்பது மட்டும் வேலையானால் வேறுபாடு மறைந்தது. அவதானம் தனியறையில் நடப்பதில்லை. நூறு பேரின் முகமும் குரலும் சூழ, அவர்களில் சிலர் தடுமாற்றத்தை எதிர்பார்த்திருக்க நடப்பது அது.

மிகத் தெளிவான தொடர்பு மனஅலைவில், குறிப்பாக அதன் முதன்மை இழையான பதற்றத்தில் தெரிகிறது. 1992இல் மைக்கேல் ஐசங்கும் மானுவல் கால்வோவும் முன்வைத்த விளக்கம் இது: கவலை என்பது பெரும்பாலும் மனத்துக்குள் நடக்கும் பேச்சு, ஆகவே அது ஒலிச்சுழலிலும் மையக் கட்டுப்பாட்டிலும் இடம் பிடித்துக்கொள்கிறது. மைக்கேல் ஐசங்க், மேலே சொன்ன ஹான்ஸ் ஐசங்கின் மகன். பிளஸ் டூ கணிதத் தேர்வில் அமர்ந்திருக்கும் மாணவியின் மனத்தில் ‘இது வராமல் போனால் என்ன ஆகும்’ என்ற வாக்கியம் ஓடினால், சமன்பாட்டின் ஒரு வரியைத் தாங்க வேண்டிய இடத்தை அந்த வாக்கியம் எடுத்துக்கொள்கிறது. விடை சரியாகவே வரலாம். ஆனால் அதற்கு அவர் கூடுதல் முயற்சியும் கூடுதல் நேரமும் செலவழித்திருப்பார். விடையின் தரம் வேறு, அதற்கான செலவு வேறு என்று இவர்கள் பிரித்துக் காட்டியது பெரிய உதவி. பதற்றமுள்ள பிள்ளைகள் வீட்டுப்பாடத்தில் நன்றாகச் செய்து, நேரம் குறித்த தேர்வில் மட்டும் ஏன் சறுக்குகிறார்கள் என்பது இதனால் விளங்குகிறது. 2007இல் இந்தக் கொள்கையை விரிவாக்கியபோது, பதற்றம் குறிப்பாகக் கெடுப்பது வேண்டாததை அடக்குவதையும் பணி மாறுவதையும் என்றார்கள். அவதானிக்கு மிகவும் வேண்டியவை அவ்விரண்டுமே. 2016இல் டிம் மோரன் வெளியிட்ட தொகுப்பாய்வு, பதற்றம் கூடுதலானவர்களின் செயல்நினைவு மதிப்பெண் சற்றே, ஆனால் உறுதியாக, குறைவதை நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுத் தரவுகளிலிருந்து காட்டியது. கவனத்தைக் கட்டுப்படுத்த முடியாதவருக்குக் கவலையை விலக்குவதும் கடினமாகும் என்பதால் காரணம் இரு திசையிலும் ஓடக்கூடும்.

இதில் எதிர்பாராத ஒரு திருப்பம் உண்டு. 2005இல் சையன் பைலாக்கும் தாமஸ் காரும் கடினமான மனக்கணக்குகளைப் பரிசு, பார்வையாளர் போன்ற நெருக்கடிகளோடு கொடுத்தார்கள். செயல்நினைவு குறைந்தவர்களின் மதிப்பெண் பெரிதாக மாறவில்லை. மிகுந்தவர்கள்தாம் சரிந்தார்கள். இயல்பான நேரத்தில் மிகுதியான இடத்தைப் பயன்படுத்தி வென்றவர்கள், கவலை அந்த இடத்தைப் பிடித்ததும் மற்றவர்களின் நிலைக்கே வந்துவிட்டார்கள். கூர்மையான மனம் மேடையில் காப்பாற்றும் என்பது பாதி உண்மை. மேடையில் அதைக் காப்பாற்ற ஒன்று வேண்டியிருக்கிறது. நெடும்பயிற்சியும் அமைதியான இயல்பும் அந்த வேலையைச் செய்கின்றன. பயிற்சியால் தானாக இயங்கும் அளவுக்குப் போன பணி, கவலை பிடிக்கும் இடத்தை நம்பியிருப்பதில்லை.

பாவலரைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சியை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். அவதான அவையில் ஒருவர், முஸ்லிமாகிய அவரைச் சங்கடப்படுத்தும் நோக்கில், துருக்கனுக்கு இராமன் துணை என்று பொருள்படும் ஈற்றடியைக் கொடுத்தாராம். பாவலர் முன்னே இராமனின் தம்பியர் பெயர்களைக் கோத்து, கொடுக்கப்பட்ட சொல்லைச் சத்துருக்கனன் பெயரின் பிற்பகுதியாக்கிப் பாட்டை முடித்தார் என்பது வழக்கு. சொல்வளத்துக்கு உதாரணமாகவே இது எடுத்துச் சொல்லப்படுகிறது. உளவியல் நோக்கில் அதைவிடக் கவனத்துக்குரியது, சீண்டலைச் சீண்டலாக எடுத்துக்கொள்ளாத மனநிலை. சினமோ அச்சமோ எழுந்திருந்தால், அந்த நொடியில் எதுகை தேட இடமிருந்திருக்காது.

பொறுப்புடைமையின் பங்கு சோதனை மதிப்பெண்ணில் ஏறத்தாழ இல்லை. நுண்ணறிவு சற்றுக் குறைந்தவர்கள் ஈடுகட்ட ஒழுங்கை வளர்த்துக்கொள்கிறார்கள் என்று சில ஆய்வாளர் சொல்வார்கள். அது எல்லா இடத்திலும் உறுதிப்படவில்லை. ஆனால் எரிக்சனின் மாணவர் 230 மணி நேரத்தைக் கடந்தது செயல்நினைவால் அல்லவே. ஆயிரக்கணக்கான செய்யுளை மனத்தில் ஏற்றும் ஆண்டுகளில் இந்தக் கூறுதான் உழைக்கிறது. சோதனை மேசையில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. இணக்கத்துக்கும் செயல்நினைவுக்கும் குறிப்பிடத்தக்க உறவு எதுவும் கிடைக்கவில்லை.

குணத்துக்கும் இத்திறனுக்கும் உள்ள பிணைப்பு எவ்வளவு தளர்வானது என்பதற்குத் தமிழ் வரலாறே நல்ல சான்று தருகிறது. பாவலரின் காலத்தில் சென்னையில் மற்றொரு சதாவதானி இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நா. கதிரைவேற்பிள்ளை, திரு.வி.க.வின் ஆசிரியர். இராமலிங்க அடிகளின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற வழக்கில் இருவரும் எதிரெதிர் அணியில் நின்றார்கள். ஆறுமுக நாவலர் மரபில் வந்த கதிரைவேற்பிள்ளை அருட்பாவை மறுத்தார். இஸ்லாமியராகிய பாவலர் அருட்பாவுக்காக மேடையேறினார். மாயாவாத தும்சகோளரி என்று பட்டம் பெறும் அளவுக்குச் சமய வாதத்தில் சீறிப் பாய்ந்தவர் ஒருவர். தம் சமயமல்லாத ஒரு துறவியின் பாடல்களுக்காக வாதாடியவர் மற்றவர். நூறு பணிகளைத் தாங்கும் திறன் இருவரிடமும் இருந்தது. கதிரைவேற்பிள்ளை மறைந்ததும் பாவலர் விக்டோரியா மண்டபத்தில் அரங்கேறியதும் அதே 1907இல்.

தமிழ் இலக்கண மரபு இந்தத் தொடர்பை வேறொரு கோணத்தில் யோசித்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை அன்னம், பசு முதலாகத் தரம் பிரிக்கிறது. கடைமாணாக்கருக்கு அது காட்டும் உவமைகளில் ஓட்டைக்குடமும் ஆடும் உண்டு. ஓட்டைக்குடம் கொண்டதைத் தங்கவைக்காது. அது நினைவின் குறை. ஆடு ஒரு செடியில் நில்லாமல் எல்லாச் செடியிலும் நுனி கடிக்கும். அது கவனத்தின் குறை, ஓரளவு குணத்தின் குறை. இரண்டையும் வெவ்வேறு உவமைகளாக வைத்த பவணந்தியின் நுட்பம் பாராட்டத்தக்கது. வகுப்பில் பாடம் ஏறாத இரு பிள்ளைகளை ஒரே சொல்லால் மந்தம் என்று ஒதுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. 2007இல் மைக்கேல் கேன் குழுவினர், அன்றாட வாழ்வின் பல நேரங்களில் மாணவர்களை இடைமறித்து, மனம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். எளிய வேலையில் யாருடைய மனமும் அலையலாம். முனைந்து செய்ய வேண்டிய வேலையில் செயல்நினைவு குறைந்தவர்களின் மனமே மிகுதியாக அலைந்தது. ஆடு மேய்வது புல்வெளியைப் பொறுத்தும் இருக்கிறது.

செயல்நினைவைப் பயிற்சியால் விரிக்க முடியுமா என்ற கேள்வி 2008க்குப் பின் சூடு பிடித்தது. கணினிப் பயிற்சியால் பொது அறிவாற்றலே உயரும் என்று அந்த ஆண்டு வந்த ஓர் ஆய்வு பெரும் நம்பிக்கையைக் கிளப்பியது. மூளைப்பயிற்சிக் கடைகளும் பெருகின. 2013இல் மோனிகா மெல்பி-லெர்வோக்கும் சார்ல்ஸ் ஹல்மும் செய்த தொகுப்பாய்வு, பயின்ற பணியையும் அதைப் போன்றவற்றையும் தாண்டிப் பலன் பரவுவதற்கு உறுதியான சான்றில்லை என்று காட்டியது. ஓட்ட வீரரின் எழுத்து அளவு ஆறிலேயே நின்றதை நினைத்தால் இது வியப்பளிக்காது. இங்கும் ஆளுமை குறுக்கிடுகிறது. 2012இல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், மனஅலைவு மிக்கவர்கள் ஒரே நேரத்தில் இரண்டைக் கவனிக்கும் கடும்பயிற்சியைவிட, ஒன்றை மட்டும் கவனிக்கும் எளிய பயிற்சியில் நன்றாகத் தேறினார்கள். பதற்றத்தைக் குறைக்கும் வழிகள் இதைவிட மலிவானவை. 2011இல் ரமிரெஸ், பைலாக் இருவரும், தேர்வுக்குச் சற்றுமுன் பத்து நிமிடம் தம் கவலைகளைத் தாளில் எழுதிய மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றதைக் காட்டினார்கள். பதற்றமுள்ளோருக்கே பயன் மிகுதி.

அளவீட்டில் தமிழ்ச் சூழலுக்கென்று சில சிக்கல்களும் உண்டு. ஒலிச்சுழல் தாங்குவது சொற்களின் எண்ணிக்கையை விட அவற்றை உச்சரிக்க எடுக்கும் நேரத்தைப் பொறுத்தது என்று பேட்லி குழுவினர் 1975இல் கண்டார்கள். வேல்ஸ் மொழியில் எண்பெயர்களை உச்சரிக்க ஆங்கிலத்தைவிட நேரம் கூடுதலாகிறது என்பதால், வேல்ஸ் பிள்ளைகள் தம் மொழியில் சோதிக்கப்படும்போது குறைந்த அளவே காட்டினார்கள் என்று 1980இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு பிள்ளையிடம் எழுத்துத் தமிழில் ‘இரண்டு, மூன்று, ஐந்து’ என்று சொல்லிச் சோதிப்பதும், ‘ரெண்டு, மூணு, அஞ்சு’ என்று சோதிப்பதும், ‘டூ, த்ரீ, ஃபைவ்’ என்று சோதிப்பதும் ஒன்றாகா. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் மலையாளமும் தமிழும் கலந்து புழங்கும் வீடுகளில் இன்னும் ஒரு மொழி சேர்கிறது. ஆளுமை வினாத்தாள்களிலோ ஒருவர் தம்மைத் தாமே மதிப்பிடுகிறார். அடக்கம் பண்பாடாகப் போற்றப்படும் ஊரில் ‘எனக்குப் புதிய கருத்துகளில் ஆர்வம் மிகுதி’ என்ற வரிக்கு நேராகக் குறியிடப் பலர் தயங்குவார்கள். ஆகவே எண்ணைத் திருப்பிச் சொல்வதோடு நில்லாமல், படித்துக்கொண்டே நினைவில் வைப்பது, கணக்குப் போட்டுக்கொண்டே நினைவில் வைப்பது போன்ற இரட்டைப் பணிச் சோதனைகளையும், பெற்றோரோ ஆசிரியரோ தரும் மதிப்பீட்டையும் சேர்த்து, அந்தந்த மொழியினரிடமே எடுத்த சராசரிகளோடு ஒப்பிட்டால்தான் செயல்நினைவுக்கும் ஆளுமைக்கும் இடையே கிடைக்கும் கெழு பொருளுடையதாகும்.